ஆறு தடவை வாட்டர் வாஷ்

"கண்ணு... வண்டி மறுபடி நின்னுடுச்சு... பின்னாடி உருண்டு... அடியில ஒருத்தர் கிடக்குறாரு!"

கார் சர்வீஸ் சென்டரின் வரவேற்பு மேஜையில் இருந்தவள் போனைக் காதில் வைத்தபடியே உறைந்தாள்.

டெய்லர் அக்காவின் குரல்!

"எங்க இருக்கீங்கக்கா?"

"மேம்பாலத்து ஏத்தத்துல... பிரேக்கை மிதிக்கிறேன், கல்லு மாதிரி இருக்கு... ஐயோ, ரத்தம்..."

போன் செத்தது.

வாங்கி ஐந்தே மாதம் ஆன கார். இருபது வருஷம் தையல் மிஷினை மிதித்து வாங்கியது. ஓடும்போதே எஞ்சின் அணைந்துவிடும். அக்கா ஆறு தடவை கொண்டுவந்தாள். ஆறு தடவையும் "சரியாயிடுச்சுக்கா" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியவள் இவள்தான்.

தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்கா பார்த்ததே இல்லை.

"படிச்ச பொண்ணு... நீ சொன்னா சரிதான் கண்ணு!"

வீட்டின் முதல் பட்டதாரி. அப்பா மூட்டை தூக்கிப் படிக்கவைத்தார். படித்த படிப்பு எதற்குப் பயன்பட்டது, பார்த்தீர்களா!

பதினொரு மணி.

இன்ஸ்பெக்டர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். மேனேஜர் அக்கா கையெழுத்துப் போட்ட ஆறு ஜாப் கார்டுகளை மேஜையில் பரப்பினார், சீட்டாட்டக்காரன் மாதிரி.

"பாருங்க சார். வாட்டர் வாஷ்... பொதுப் பரிசோதனை... வாட்டர் வாஷ்... எஞ்சின் நிக்குதுன்னு ஒரு வார்த்தை இருக்கா? கீழ கஸ்டமர் கையெழுத்து வேற!"

"அடியில சிக்கின ஸ்கூட்டர்காரர் ஐசியூவுல கிடக்கார்யா. அந்த அம்மா, ஆறு தடவை சொன்னேன், ஆறு தடவை சொன்னேன்னு சத்தியம் பண்ணுது."

"ஓட்டத் தெரியாதவங்க எல்லாம் வண்டி மேல பழி போடுவாங்க சார்!"

"அது வாஸ்தவம்தான்..." இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "அப்போ கேஸ் அந்தம்மா மேலதான். அரெஸ்ட் பண்ணிடறேன்."

மேஜை மேல் அவளுடைய போன் அதிர்ந்தது.

டெய்லர் அக்கா!

கவிழ்த்து வைத்தாள்.

மறுபடி அதிர்ந்தது. நகர்ந்து நகர்ந்து அவள் விரலைத் தொட்டது... சுட்டது!

"சார்..." எழுந்துவிட்டாள். "அதெல்லாம் பொய்."

மேனேஜரின் முகம் வெளுத்தது. "ஏம்மா, உள்ள போ!"

"ஒரே கோளாறு திரும்பத் திரும்ப எழுத்துல ஏறினா வம்பு சார். நுகர்வோர் நீதிமன்றத்துல புது வண்டி குடு, இல்ல பணத்தைத் திருப்பிக் குடுன்னு சொல்லிடுவாங்க. அதனால எழுதாதேன்னு இவர் சொன்னார். நான் எழுதல. டெய்லர் அக்காவுக்கு மட்டும் இல்ல... இந்த மாடல்ல நடுரோட்டுல நிக்கிற அத்தனை வண்டிக்கும் வாட்டர் வாஷ்தான்!"

"கார்டுல உன் கையெழுத்தும் இருக்கு! மாட்டப்போறது நீதான்டி!"

"மாட்டிட்டுப் போறேன். 'டி' போடாதீங்க."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"அத்தனை வண்டிக்குமா?"

"ஆமா சார்."

அவர் குரல் இறங்கியது.

"வெள்ளை வண்டி... நம்பர் நாப்பத்தேழு பதினாறு... ஒரு அம்மா கொண்டுவருவாங்க..."

"அஞ்சு தடவை வந்தாங்க சார்! போன தடவை இதே நாற்காலியில உக்காந்து அழுதாங்க. வண்டி தானா நிக்குதுன்னா வீட்டுக்காரர் நம்பலியாம். உனக்கு ஓட்டத் தெரியலன்னு எங்க கார்டைக் காட்டிக் காட்டித் திட்றாராம். நல்லா இருப்பானா சார் அந்த ஆளு?"

கான்ஸ்டபிள்கள் இருவரும் அவசரமாக மின்விசிறியைப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"அந்த ஆளு... நான்தான்மா."

மேனேஜர் உட்காரப் பார்த்தார். நாற்காலி ஒரு சாண் தள்ளி இருந்தது!

"கம்ப்யூட்டர், கார்டு, எல்லாத்தையும் எடுங்கய்யா! மேனேஜர் சார், ஜீப்ல ஏறுங்க. நீயும் வாம்மா. உன் பேரையும் சேர்த்துத்தான் எழுதுவேன்."

"எழுதுங்க சார். என் பேரையே முதல்ல எழுதுங்க."

போனை எடுத்தாள்.

"அக்கா... நீங்க ஆறு தடவை வந்ததைச் சொல்லிட்டேன். பொய்யா எழுதினது நான்தான்னும் சொல்லிட்டேன்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

'கண்ணு' என்ற வார்த்தை வரவே இல்லை.

தலை நிமிராமலே ஜீப்பில் ஏறினாள். முன் சீட்டிலிருந்த இன்ஸ்பெக்டரும் நிமிரவில்லை.

"சார்... வீட்ல அம்மாகிட்ட மன்னிப்பு கேப்பீங்களா?"

"இந்த ஆளை லாக்கப்புல தள்ளிட்டு நேரா வீட்டுக்குத்தான்மா போறேன்..." இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "ரெண்டு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கிட்டு! தனியாப் போற தைரியம் எனக்கு இல்ல!"