ஒரு சாண் குறைகிறது

போன் அலறியது.

களிமண் ஒட்டிய விரல்களால் சிற்பி அதை எடுத்தாள்.

"மேடம்... உங்க சிற்பம்..." கண்காட்சிக் கூடத்து மேனேஜருக்கு மூச்சு வாங்கியது.

"உடைஞ்சுடுச்சா?"

"இல்ல மேடம்... குள்ளமாயிடுச்சு!"

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கூடத்தின் நடுவில், சுட்ட மண்ணில் முறுக்கிக்கொண்டு மேலே போனது அந்த நீலச் சுழல். ஆளுயரத்துக்கும் அதிகம். என்ன அர்த்தம் என்று யார் கேட்டாலும், "சுத்தி வந்து பாருங்க" என்பாள்.

மதியம் அருங்காட்சியகக் குழு வருகிறது. பிடித்துப்போனால், அவர்கள் முன்மண்டபத்தில் அவளுடைய சிற்பம். அவள் வருடக்கணக்காகக் கண்ட கனவு.

"உங்க அளவுப்படிதான் லைட் மாட்டினேன். ஒரு சாண் காலியா இருக்கு" என்றார் மேனேஜர்.

அவர் போன் செய்து வரவழைத்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்மாள் சிற்பத்தைச் சுற்றி வந்தார். "துவைச்ச சட்டை மாதிரி சுருங்குமா, மேடம்?"

"சுட்டப்புறம் சுருங்காது. ஈர மண்தான் காயும்போதும் சூளையில வேகும்போதும் சுருங்கும். அதனால நான் முதல்லயே பெருசா செய்வேன். இதைச் செஞ்சவன் என் சிற்பத்துல அச்சு எடுத்து, அதே அளவுல செஞ்சு சுட்டிருக்கான்."

"அப்போ இது போலி. ஆளு யாரு?"

"அச்சுல கில்லாடி. மண்ணுல பூஜ்யம்." சிற்பி யோசித்தாள்... "இதைச் சுடற அளவுக்குப் பெரிய சூளை இங்க என்கிட்ட மட்டும்தான் இருக்கு. நான் வெளியூர் போனப்ப சாவி ஒருத்தர்கிட்டதான் இருந்தது. சிற்பத்தை இங்க அனுப்பி வச்சதும் அவர்தான்."

"என்ன தொழில்?"

"பல் டாக்டர். தினம் பல்லுக்கு அச்சு எடுக்கறவர். எங்க அக்கா வீட்டுக்காரர்."

ஜீப் பறந்தது.

திரும்பி வந்த ஜீப்பிலிருந்து அத்தான் திருதிருவென்று விழித்தபடி இறங்கினார்.

"செடிக்குத் தண்ணி ஊத்தத்தான் போனேம்மா. ஏணி சாஞ்சு உன் சிற்பம் மூணு துண்டாயிடுச்சு. ஒட்டினேன், விரிசல் பல்லை இளிச்சுது. சரின்னு அச்சு எடுத்து..."

"நீலப் பூச்சு?"

"உன் வாளியிலேருந்துதான். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. ஜெயில் பரவாயில்ல."

இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார்.

அதற்குள் குழு வந்துவிட்டது!

தலைவர் நேராகச் சுழலிடம் போய் டேப்பை விரித்தார். அளந்தார். முகம் மலர்ந்தது.

"வேண்டாம்னு சொல்லத்தான் வந்தோம். நீங்க அனுப்பின அளவுக்கு எங்க வாசல்ல நுழையாது. இது நுழையும். எடுத்துக்கறோம்."



தலையாட்டினால் போதும். கனவு கைக்கு வந்துவிடும்.

சிற்பி ஓரடி முன்னால் வந்தாள்.

"இது நான் செஞ்சதில்ல சார், எங்க அத்தான் செஞ்சது. இதே உயரத்துல நானே செஞ்சு தர்றேன். காத்திருப்பீங்களா?"

தலைவர் அத்தானைப் பார்த்தார். சிற்பத்தைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டினார்.

"காத்திருக்கோம்."



"அப்போ நான் செஞ்சது?" என்றார் அத்தான், பாவமாக.

"உங்க க்ளினிக்ல வைங்க அத்தான். 'வாயைத் திறங்க'னு யார்கிட்டயும் சொல்ல வேண்டியிருக்காது."