கிரைண்டர் போட்ட தாளம்

"அம்மா, பத்தே நிமிஷம்! கிரைண்டரை நிறுத்துங்களேன்!"

"உளுந்தைப் பாதியில நிறுத்துனா பொங்காது அம்மணி. நாளைக்கு இட்லி கல்லாட்ட இருந்தா உங்கப்பாவுக்கு நீயே பதில் சொல்லு."

மௌனிகா மெலோடிகாவோடு தொப்பென்று உட்கார்ந்தாள். ஊதிக்கொண்டே கட்டைகளை அழுத்தி வாசிக்கும் சின்னக் கருவி அது. பதினோரு மணிக்குள் வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால்தான் சனிக்கிழமை ஜாஸ் மேடையில் அவளுக்கு இடம். இப்போதே மணி பத்தே முக்கால்.

ஜாஸில் மனப்பாடம் செல்லாது. அந்தந்த நொடியில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். அதைப் பழகத்தான் பேக்கிங் டிராக். டிரம்ஸும் மற்ற வாத்தியங்களும் அதில் ஓடும். நமக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். டவுன் பஸ் மாதிரி! வழியை அது பார்த்துக்கொள்ளும். ஜன்னலில் எதை வேடிக்கை பார்ப்பது என்பது நம் இஷ்டம்.

டிராக் அப்பாவின் போனில் இருந்தது. அப்பாவோ கோபிசெட்டிபாளையத்தில், கல்யாண வீட்டில். அனுப்பச் சொல்லலாமென்றால் போனை எடுக்கவில்லை. அம்மாவின் போனில் பதிவு செய்யலாம். ஆனால் எதோடு சேர்ந்து வாசிப்பது?

கர்ர்... டக். கர்ர்... டக்.

"அக்கா, கிரைண்டர் உன்னையத் திட்டுது!" என்று சிரித்தான் தம்பி கதிர்.

மௌனிகா சட்டென்று நிமிர்ந்தாள். சுற்றுக்கு ஒரு டக். நான்கு டக் சேர்ந்தால் ஒரு கட்டம். பன்னிரண்டு கட்டம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. டிராக்கோடு அவள் தினமும் எண்ணுவதும் இதைத்தானே!

"கதிர், ரெண்டாவது டக்குக்கும் நாலாவது டக்குக்கும் குடத்துல தட்டுறியா?"

"எவர்சில்வர் குடமா, பிளாஸ்டிக் குடமா?"

"பிளாஸ்டிக்குடா! சீக்கிரம்!"

முதல் சுற்றில் பயந்து பயந்து ஊதினாள். இரண்டாவது சுற்றில் மூன்று சுரம் வாசித்தாள், நிறுத்தினாள், டக் வந்ததும் பதில் சொன்னாள். அம்மா உளுந்தில் தண்ணீர் தெளிக்க, சத்தம் 'களக்' என்று மாறியது. மௌனிகாவும் 'களக்' என்று கீழ்க் கட்டைக்குத் தாவினாள். கதிர் குதித்துக்கொண்டே தட்டினான்.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பதிவு போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் இசை ஆசிரியர் சாமுவேல் அழைத்தார்.

"கண்ணு, சனிக்கிழமை வந்துரு. அது செரி, யாரு அந்த டிரம்மர்? துளிகூடப் பிசகலையே!"

"குடம் தட்டுனது தம்பிங்க சார். இன்னொண்ணு எங்க ஊட்டு கிரைண்டருங்க!"

போனில் சிரிப்பு அடங்கவே இல்லை.

பொங்கிய மாவை வழித்தபடி அம்மா கேட்டார்: "அடுத்தது அரிசி போடப்போறேன் அம்மணி. கிரைண்டர் கொஞ்சம் மெதுவா ஓடும். பரவாயில்லீங்களா?"

கதிர் குடத்தைக் கவிழ்த்துத் தயாராக உட்கார்ந்தான்.