தசைநார்கள் திரும்பும் திசை

தட்டிலிருந்த தசைநார்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

ஷாமளா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, துடைத்துக்கொண்டு, மறுபடியும் பார்த்தாள். நேற்றுவரை அவை கொட்டிக் கிடந்த தீக்குச்சிகளைப் போல இஷ்டத்துக்குக் கிடந்தன. தட்டில் வளர்க்கிற சதை அப்படித்தான் கிடக்கும். இன்று யாரோ ஈரச் சீப்பால் வாரிவிட்டதுபோல அத்தனையும் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை நோக்கிப் படிந்திருந்தன.

ஜன்னல் இல்லாத அறை அது. வெளியே குளுவாங் ஊரின் வெயில் கார்களின் முதுகைக் காய்ச்சிக்கொண்டிருக்கும் நேரத்திலும் உள்ளே ஒரு சிவப்பு விளக்கும், ஏர்கோனின் ஓயாத முனகலும், செல்களுக்கு ஊட்டுகிற திரவத்தின் புளித்த பால் வாசனையும்தான். வேறு வெளிச்சம் கூடாது. மருந்தின் மூலக்கூறு ஒவ்வொன்றின்மேலும் வேதியியலால் ஒரு மூடியைப் பிணைத்துச் செல்களுக்குள் அனுப்புவதுதான் அங்கே வேலை. மூடி இருக்கும்வரை மருந்து ஊமை. ஊதா ஒளி பட்டால் மூடி முறியும், மருந்து விடுபடும், சதை சுருண்டு துடிக்கும். இருட்டில் ஒன்றும் நடக்காது. நடக்கவே கூடாது.

சதை ஜீவன் என்ற இளைஞனுடையது. அவளுக்குக் கீழே வேலை பார்த்தவன், தானே முன்வந்து வலது முன்கையில், முழங்கைக்குக் கீழே, ஊசியால் எடுக்கவிட்டது. "இது எங்க ஊரு காஹாங் சதை, அக்கா. லைட்டெல்லாம் வேணாம் லா, நாசி லெமாக் சோத்தைக் காட்டுங்க, தன்னால துடிக்கும்" என்று பஞ்சை அழுத்திக்கொண்டே சிரித்தான்.

இப்போது அவன் இல்லை. சதை மட்டும் வெதுவெதுப்பான பெட்டிக்குள் வளர்ந்துகொண்டிருந்தது.

அவள் தட்டைப் பாதி வட்டம் திருப்பி வைத்தாள். பொறுத்திருந்து குனிந்து பார்த்தாள். நார்கள் மெல்ல, வயலில் காற்று திரும்புவதுபோல, அவள் பக்கமே வந்து படிந்தன. நாற்காலியைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நுண்ணோக்கியின் திரை அங்கிருந்தும் தெரிந்தது. திரையில் நார்கள் சுவரோரம் திரும்பின.

அவளுக்குக் காது மடல் சுட்டது. பயத்துக்கு முன்னால் வந்தது வெட்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் அவள் செய்த தப்பு சின்னதுதான். காத்திருந்த நேரத்தில், கொண்டுவரக் கூடாத கைப்பேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தங்காக் துணிக்கடையில் அக்கா பார்த்துவைத்த சேலைகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். மூடிகள் முறிய அந்த வெளிச்சம் போதுமாயிருந்தது. பல மாத வேலை, மருந்து ஏற்றிய தட்டுகள் எல்லாம் கெட்டுப்போயின. ஆய்வகத் தலைவர் டாக்டர் காசிவிஸ்வநாதன் எல்லார் முன்னாலும், "யார் கதவைத் திறந்தது?" என்று கத்தியபோது அவள் தரையைப் பார்த்தாள். ஜீவன்தான் தலையைச் சொறிந்துகொண்டே, "நானா இருக்கும் டாக்டர்... சரியா சாத்தல போல" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. தன்னையே சந்தேகப்பட்டான். அன்று சாயங்காலம் மழையில் மோட்டோவில் வீட்டுக்குப் போகும்போதும் அதையே யோசித்துக்கொண்டு போயிருப்பான். எதிரே செம்பனைக் குலைகளை ஏற்றி வந்த லோரியைப் பார்க்கவில்லை.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, ஜீவன் அம்மா வந்திருக்காங்க. டாக்டர் இல்ல. நீங்களே பேசிடுங்களேன்" என்றாள் வரவேற்பறைப் பெண்.

தாழ்வாரத்தின் கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஜீவனின் அம்மா புஷ்பவள்ளி நாற்காலியின் நுனியில், பிளாஸ்டிக் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஷாமளாவைக் கண்டதும் எழுந்தார். பெரியவர் தனக்காக எழுந்து நிற்பது அவளைக் கூசவைத்தது.

"உக்காருங்க ஆன்ட்டி."

"இல்லம்மா, நேரமாச்சு. நாளைக்குக் கருமாதி. ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கவனமில்லாம கெடுத்துட்டான்னு டாக்டர் சொன்னாராம். சொந்தக்காரங்க அதையே பேசுறாங்க. எம் புள்ள வீட்டுக் கதவையே பூட்டிட்டு ரெண்டு தடவ இழுத்துப் பாப்பான். 'பைத்தியமாடா நீ'ன்னு திட்டுவேன். அவனா செஞ்சிருப்பான்? நீங்க கூடவே இருந்தவங்க. நீங்க சொன்னா நம்புவேன்."

ஒரு சொல் போதும்.

"எனக்குத் தெரியல ஆன்ட்டி. அவனேதான் ஒத்துக்கிட்டான்."

புஷ்பவள்ளி மெல்லத் தலையாட்டினார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலையாயிருக்கும்.

"சரிம்மா. அவனோடது ஏதாச்சும் இங்க இருக்கா? ஒரு சட்டை, குடை?"

"ஒன்னும் இல்ல ஆன்ட்டி."

சொல்லி முடித்ததும் வலது முன்கையில் வெயில் உறைத்தது. பிறகு ஓர் இழுப்பு. தோலுக்கு அடியில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, நார் நாராக எதுவோ ஒரே பக்கம் வாரிப் படிந்தது. கையைப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். அது வரவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்தது. மணிக்கட்டு வளைந்தது. விரல் அவள் நெஞ்சையே காட்டி நின்றது.

இடது கையால் பிடித்து அழுத்தினாள். இறங்கவில்லை. இரும்பு.

"அலமாக்! என்னம்மா, நரம்பு இழுக்குதா?" புஷ்பவள்ளி பையைத் தரையில் போட்டுவிட்டு அந்தக் கையை வாங்கிக்கொண்டார். "இருங்க, தேச்சுவிடறேன். பயப்படாதீங்க."

"வேணாம் ஆன்ட்டி. விடுங்க."

"பரவால்லம்மா."

சொரசொரப்பான கட்டைவிரல்கள் முன்கையில் ஏறி இறங்கின. அந்தக் கனிவை அவளால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

விரல்கள் வேகம் குறைந்தன.

ஓர் இடத்தில் நின்றன.

புஷ்பவள்ளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தார். தலை சாய்த்து, பக்கத்து அறைச் சத்தத்தைக் கேட்பவர்போல, வெகுநேரம். பிறகு முழங்கைக்குக் கீழே அந்த ஓர் இடத்தை, தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோலத் தடவினார்.

"ஏய்யா," என்றார் மிக மெதுவாக. "சாப்பிட்டியா?"

ஷாமளாவின் தோலுக்கு அடியில், அவளைக் கேட்காமல், அது இரண்டு முறை துடித்துப் பதில் சொன்னது.