வஜ்ஜிரம் காய்ச்சியவர்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வாக்கில், மேல்விஷாரத்தில் ஒரு சந்துக்குள் வண்டியை நிறுத்திவிட்டுச் செல்வகுமார் அந்த வீட்டைப் பார்த்தான். உயரமான பச்சைக் கதவு, சுண்ணாம்பு பொரிந்த சுவர், மாடி ஜன்னலில் புறா எச்சம். பயப்படும்படி ஒன்றுமில்லை. உள்ளே ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது, துடைத்துப் பாலிஷ் போட வேண்டும், சாயங்காலத்துக்குள் வேலூர் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் நினைத்து வந்தது.

இந்த வேலையில் அவனுக்கு நல்ல பெயர். சத்துவாச்சாரியில் சின்னதாக ஓர் ஆடியோ கடை வைத்திருக்கிறான். ஆனால் ஆட்கள் அவனைத் தேடி வருவது பழைய பெட்டிகளின் வேனீருக்கு மெருகேற்றத்தான். வேனீர் என்றால் பலகையின் மேல் ஒட்டுகிற மெல்லிய மரத் தகடு. அப்பளத்தைவிட மெல்லிசு, அழுத்தித் தேய்த்தால் போச்சு. சிலர் அதை மரத்தோல் என்பார்கள். செல்வகுமார் சொல்ல மாட்டான். தோல் என்ற வார்த்தையே அவன் வாயில் வராது. ஏன் வராது என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர் அப்துல் ஹமீத். எழுபத்தைந்து வயசு, தலையில் வெள்ளைத் தொப்பி, ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்.

“வா தம்பி. வெயில் ஜாஸ்தி. மொதல்ல தண்ணி குடி. வூட்ல யாரும் இல்ல, எம் பொஞ்சாதி சகீனா, பொண்ணு வூட்டுக்குப் போயிருக்கா.”

உள் அறையில் இரண்டு பெட்டிகளும் சுவரோரம் நின்றன. இடுப்பு உயரம். தேக்கு வேனீர். தூசும் பழைய மெழுகும் சேர்ந்து கறுத்துப் போயிருந்தது. முன்பக்கத் துணியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சத்தம் எழுப்புகிற காகிதக் கோன் கிழிந்து தொங்கியது. ஒயர் எப்போதோ அறுந்து, முனை துருப்பிடித்திருந்தது.

“பாட்டு வராது. தெரியும்” என்றார் பாய். “எங்க அண்ணன் ஆசையா செஞ்சது. பேரன் பெங்களூருக்கு எடுத்துட்டுப் போறேன்றான், அழகுக்கு வெக்கிறதுக்கு. இத ஒட்டுனது யாரு தெரியுமா? எங்க தோல் ஷாப்புல வஜ்ஜிரப் பசை காய்ச்சுனாரே, பஞ்சாட்சரம்னு ஒருத்தரு.”

செல்வகுமாரின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

“தச்சன் ஒட்டுனது நாலே மாசத்துல உப்பிக்கிச்சி. அண்ணன் அவர இட்டாந்தாரு. தோல் வெட்டுன துண்டயெல்லாம் போட்டு அவரே காய்ச்சுன வஜ்ஜிரம். சுடச்சுடத் தடவி, ரெண்டு உள்ளங்கையாலயும் அழுத்திப் புடிச்சிக்கினே ஒக்காந்திருந்தாரு. கை வெந்துப் போச்சு மனுஷனுக்கு. அப்புறம் ஆம்பூர் பக்கம் போய்ட்டாரு. ஒரே புள்ள. அவன ஷாப்பு வாசப்படியே மிதிக்க வுட மாட்டேன்னு சொல்லினே இருப்பாரு.” பாய் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். “உன் மொகஜாட அப்படித்தான் இருக்குது. உனக்கு அவரத் தெரியுமா தம்பி?”

“இல்ல பாய்” என்றான் செல்வகுமார். “தெரியாது.”

சட்டென்று, யோசிக்காமலே வந்தது. பழகிப்போன பொய்க்கு யோசனை எதற்கு?

இடது பக்கப் பெட்டிக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல்.

பாய் காதில் அது விழவில்லை. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பச்சைக் கதவு சாத்திக்கொண்டது. தெருவில் கடைகள் இழுத்து மூடப்பட்டன. கொஞ்ச நேரத்தில் ஊரே அடங்கிவிட்டது.

பஞ்சாட்சரம் அவன் அப்பா. பெற்ற அப்பா.

ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் வஜ்ஜிரக் கொப்பரை முன்னால் நின்றவர். அந்த வாடை உடம்பை விட்டுப் போகாது. மகனின் பள்ளிக்கூடத்துக்கு வரும் நாளில் எலுமிச்சம்பழத் தோலை உள்ளங்கையில் தேய்தேயென்று தேய்த்துக்கொண்டு வருவார். வந்தும் வகுப்புக்குள் வர மாட்டார், கதவுக்கு வெளியே நின்று இருமுவார். எலுமிச்சை வாசமும் அதற்கடியில் வஜ்ஜிர நாற்றமும் வந்தால் செல்வகுமாருக்கு அப்பா வந்துவிட்டார் என்று தெரியும். தெரிந்ததும் தலையைக் குனிந்துகொள்வான்.

ஹேமலதாவைப் பெண் பார்க்கப் போனபோது அப்பா இல்லை என்றான். சின்ன வயதிலேயே தவறிவிட்டார் என்றான். தாசில்தார் ஆபீஸ் குடும்பம் அது. அவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைத்துக்கொண்டான். அப்பாவை வர வேண்டாம் என்று சொல்லியும், கல்யாணத்தன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவர் மண்டபத்து வாசலில் வந்து நின்றார். மாமனார் மூக்கைச் சுளித்து, “யாரு மாப்ள இவரு?” என்று கேட்டார்.

“எங்க வூட்டுக்குத் தெரிஞ்ச வேலையாள்.”

அப்பா ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பெற்ற மகனைக் காட்டி மாமனாரிடம், “ஆமாங்க சார். சாரை எனக்குச் சின்ன வயசிலருந்து தெரியும்” என்றார். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எப்போதாவது வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று, “சார் இருக்காராம்மா?” என்று கேட்பார். ஹேமலதா உள்ளே கூப்பிட்டாலும் வர மாட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனார். அரக்கோணத்தில் வேலை என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போய்க் கொள்ளி வைத்தான் செல்வகுமார். மொட்டை போட்டால் வீட்டில் கேள்வி வரும் என்று முடியைக்கூட இறக்கவில்லை. இப்படி ஒரு பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது! அவனே தன்னைத் திட்டிக்கொள்ளாத நாளில்லை. திட்டிக்கொண்டதோடு சரி.

அப்படிப்பட்டவன் இப்போது அந்தப் பெட்டிகளோடு தனியாக இருந்தான்.

எலி இருமுமா? இருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து, மரத்தின் ரேகை ஓடுகிற வாக்கிலேயே துடைத்தான். பிறகு டர்பன்டைன் தொட்டுப் பழைய மெழுகை எடுத்தான். வலது பெட்டி பளிச்சென்று தேன் நிறத்துக்கு வந்தது. இடது பெட்டியையும் துடைத்து முடித்து, எலுமிச்சை எண்ணெய் பாட்டிலைத் திறந்தான். வேனீர் காய்ந்து வெடிக்காமல் இருக்க எல்லோரும் தடவுகிற எண்ணெய்தான்.

மூடியைத் திறந்ததும் அறை முழுக்க எலுமிச்சை வாசம்.

அதற்கடியில், மெல்ல, வஜ்ஜிர நாற்றம்.

செல்வகுமார் தலையைக் குனிந்துகொண்டான். நாற்பது வயதிலும் கழுத்து தானாகக் குனிந்தது.

அப்போதுதான் பக்கவாட்டில் அந்த உப்பலைப் பார்த்தான். துடைக்கும்போது தட்டையாக இருந்த இடம் அது, சத்தியமாகத் தட்டையாகத்தான் இருந்தது. இப்போது அங்கே வேனீர் உள்ளங்கை அகலத்துக்கு மேலே எழும்பியிருந்தது. பழைய பெட்டியில் இது சகஜம். ஈரத் துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கிற வஜ்ஜிரம் இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும். பையிலிருந்து சின்ன இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சொருகினான். துணியைப் போட்டு அழுத்தினான்.

ஆவி வந்தது. அதோடு வஜ்ஜிர நாற்றம் வந்தது. உப்பல் அமுங்கியது.

அமுங்கிய இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று எழும்பியது.

அதையும் அழுத்தினான். முதலாவது மறுபடி எழும்பியது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஓர் ஆள் இரண்டு உள்ளங்கையையும் உள்ளேயிருந்து வைத்துத் தள்ளுகிற மாதிரி. விரல் விரலாகத் தெரிந்தது.

இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கித் தூரப் போட்டான்.

துணி அப்படியே மரத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது எழும்பியது. இறங்கியது. எழும்பியது.

மூச்சு.

கிழிந்த கோன் அதே கதியில் அசைந்தது. ஒயர் இல்லாத, கரண்ட் இல்லாத அந்தப் பெட்டிக்குள்ளிருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

“சார்.”

செல்வகுமார் சுவரில் முதுகு இடிக்கப் பின்னால் போனான்.

“சார்... சூடு தாங்கல சார்.”

கோபமே இல்லாத குரல். வேலை கேட்டு வந்தவன் முதலாளியிடம் பேசுகிற பணிவு. மண்டபத்து வாசலில் கேட்ட அதே பணிவு. ‘டேய்’ என்று ஒரு வார்த்தை அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பயத்தைவிட வெட்கம்தான் அவனை முதலில் கீழே தள்ளியது. பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

“அப்பா” என்றான்.

எத்தனை வருஷம் கழித்து! வாய்க்கே அந்த வார்த்தை புதுசாக இருந்தது.

“அப்பா, என்ன சார்னு கூப்டாதப்பா. நான் பண்ணது தப்பு. எல்லார்கிட்டயும் சொல்லிட்றேன். இன்னிக்கே ஹேமாகிட்ட சொல்லிட்றேன்ப்பா. உன்மேல சத்தியம்.”

ஒட்டியிருந்த துணியை உரித்துவிட்டு, வெந்த மரத்தின் மேல் தன் இரண்டு உள்ளங்கையையும் வைத்தான். உள்ளேயிருந்த கைகள் ஒரு நிமிஷம் அவன் கைகளைத் தொட்டுக்கொண்டிருந்தன. சூடாக இருந்தன. பிறகு மெதுவாக அமுங்கின. அவன் கையை எடுத்தபோது வேனீர் வழவழவென்று தட்டையாக இருந்தது. உப்பல் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

அழுதான். அழுதுகொண்டே மெழுகு தடவி, பஞ்சால் மெருகேற்றி முடித்தான். வேலையை அரைகுறையாக விட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை.

ஜும்ஆ முடிந்து வந்த பாய் பெட்டிகளைத் தடவிப் பார்த்தார். “மாஷா அல்லாஹ்! பஞ்சாட்சரம் பாத்தா எவ்ளோ சந்தோஷப்படுவாரு!”

செல்வகுமார் வாயைத் திறந்தான். முதலில் வீட்டில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மற்றவர்களுக்கு என்று நினைத்து மூடிக்கொண்டான். நியாயமாகத்தான் தோன்றியது.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஹேமா, எங்கப்பா பேரு பஞ்சாட்சரம். வஜ்ஜிரம் காய்ச்சுனவரு. நீ அவரப் பாத்திருக்கே. வண்டியில் காற்று அடிக்க அடிக்க அது சுலபமாக இருந்தது. ஒரு மேம்பாலம் தாண்டும்போது சத்தமாகவே சொன்னான்.

வீடு முதல் மாடியில். படி ஏறி உள்ளே போனால் கூடத்தில் மாமனார் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். வருவதாகச் சொல்லவேயில்லை.

“வாங்க மாப்ள. இன்னா கையெல்லாம் ஏதோ வாட?”

“பாலிஷ் மாமா” என்றான் செல்வகுமார். போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்தான்.

ஹேமலதா காபி கொண்டுவந்து வைத்தாள். விளக்கு வைக்கிற நேரம். அவன் காபியைத் தொடவில்லை.

“ஹேமா, ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

மாமனார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அவனைப் பார்த்தார்.

கதவை யாரோ தட்டினார்கள். ஹேமலதா எழுந்து போனாள். பேச்சுக்குரல் கேட்டது. அவள் கதவைப் பாதி சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

“உங்க பழைய ஆளு வந்திருக்காரு. அந்தப் பெரியவரு. நாலு வருஷமா ஆளயே காணோமேன்னு கேட்டேன், சும்மா சிரிக்கிறாரு. உள்ள வாங்கன்னா, பரவால்லம்மா, சார் ஏதோ சொல்றேன்னாரு, கேட்டுட்டுப் போய்ட்றேன்னு வாசல்லியே நிக்கிறாரு.”

பாதி திறந்த கதவு வழியே எலுமிச்சை வாசம் வந்தது.

“எனக்கு ரொம்ப நாளாவே கேக்கணும்னு இருந்துச்சு” என்றாள் ஹேமலதா, குரலைத் தாழ்த்தி. “இன்னிக்குப் பக்கத்துல பாத்தா அப்படியே உங்க மொகம். யாருங்க அவரு?”

மாமனார் கதவுப் பக்கம் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

இரண்டே வார்த்தை. எங்க அப்பா. பாலத்தின் மேல் சத்தமாகச் சொன்ன வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. மாமனாரின் சுளித்த மூக்கைப் பார்த்தான்; கழுத்து தானாகக் குனிந்தது.

“தெரிஞ்ச வேலையாள்” என்றான் செல்வகுமார்.

கதவுக்கு வெளியே இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல்.

“ஆமாங்கம்மா. சாரை எனக்குச் சின்ன வயசிலருந்து தெரியும்.”

“ஓ, சரி சரி” என்ற ஹேமலதா, அவருக்கும் ஒரு டம்ளர் காபி போட உள்ளே போனாள். மாமனார் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். செல்வகுமார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படியில் யாரும் இறங்கிப் போகிற சத்தம் கேட்கவேயில்லை.