84.2 மில்லிமீட்டர் திருட்டு!

மூன்று வருஷம் கண்ணும் கருத்துமாய் வளர்த்த ஒன்றை, மூன்றே நிமிஷத்தில் நீங்கள் தொலைத்திருக்கிறீர்களா?

யசுநோரி தொலைத்தான்.

காலை பத்து நாற்பது. புல்லட் ரயில் கோபேயைத் தாண்டி ஒகயாமாவை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

"அய்யோ...!"

பதினோராவது பெட்டியே அதிர்ந்தது. அதிர்ந்தது என்றால்... இரண்டு பேர் செய்தித்தாளை லேசாய் இறக்கிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

கத்தியவன் சட்டென்று எழுந்து பெட்டி முழுவதற்கும் குனிந்தான்.

"கத்தினதுக்கு மன்னிக்கணும்... எல்லாரும் மன்னிக்கணும்..."

செய்தித்தாள்கள் மறுபடி ஏறின.

பின் சீட்டிலிருந்து உயரமான ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நாற்பது வயது. கையில் கல் மாதிரி உறைந்த ஐஸ்கிரீம் கப். அதில் இறங்க மறுக்கும் ஸ்பூன்.

"என்ன தம்பி, யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. மதியம் பன்னிரண்டு மணிக்கு நான் செத்துடுவேன்."

"அடேங்கப்பா! சாவுக்குக்கூட ரயில்வே டைம்டேபிளா?"

"மேல் தட்டுல ஒரு பெட்டி வச்சிருந்தேங்க. பச்சைக் காகிதம் சுத்தினது. காணோம்!"

ஸ்பூன் பாதியில் நின்றது.

"நகோயா இனிப்புக்கடைக் காகிதம்தானே? வெள்ளை ரிப்பன்?"

"ஆமா, ஆமா! பார்த்தீங்களா?"

"பார்த்தேன்..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"என்னது?!"

"குட்டையா ஒருத்தர் வந்தார். தொப்பி... மாஸ்க்... கை எட்டலை. எம்பி எம்பிப் பார்த்தார். 'மன்னிக்கணும், அந்தப் பெட்டியைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா'ன்னு கேட்டார். அவ்வளவு மரியாதையா கேட்டா என்ன பண்றது?"

"திருடனுக்கா எடுத்துக் குடுத்தீங்க!"

"மூணு தடவை குனிஞ்சு நன்றி சொன்னான் தம்பி. பதிலுக்கு நானும் மூணு தடவை குனிஞ்சேன்."

"கடவுளே... முதல்ல போலீஸைக் கூப்பிடுங்க!"

அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

"கூப்பிட வேண்டாம். நான்தான். ரயில்வே போலீஸ். இன்ஸ்பெக்டர் நிஷிவாகி."

யசுநோரி பொத்தென்று சீட்டில் விழுந்தான்.

"ஷ்ஷ்! இது வெளிய தெரிஞ்சா நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் ஆபீஸ்ல சிரிப்பாங்க." ஐஸ்கிரீம் கப்பை அவன் மூக்குக்கு நேராய் நீட்டினாள். "இதைப் பாருங்க. ஒசாகா பிளாட்பாரத்துல வாங்கினது. இன்னும் கல்லுதான். இது உருகறதுக்குள்ள அவனைப் பிடிக்கிறேன். போதுமா? சொல்லுங்க, பெட்டியில என்ன? பணமா? நகையா?"

"வண்டு."

"...என்ன?"

"கொம்பு வண்டு. ஆண். எண்பத்து நாலு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர்."

"ஒரு பூச்சிக்கா இந்தக் கத்து கத்தினீங்க?"

"பூச்சின்னு சொல்லாதீங்க மேடம்!" அவன் கண் கலங்கியது. "நகோயாவுல பல் செட் செய்யற வேலை எனக்கு. அந்த லேப்லயே, இருபத்து மூணு டிகிரி ஏசியில, மரத்தூள் பாட்டில்ல வச்சு வளர்த்தேன். புழுவா இருக்கும்போதே பேர் வச்சேன்."

"என்ன பேர்?"

"ஜெனரல்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதை ஏன் இனிப்புப் பெட்டி மாதிரி சுத்தினீங்க?"

"பக்கத்துல உக்காந்திருக்கறவங்க பயந்துடக் கூடாதில்லையா?"

"அதுவும் சரிதான். பன்னிரண்டு மணி கணக்கு என்ன?"

"கோஹாரு."

"அது யாரு? பெண் வண்டா?"

"நான் கட்டிக்கப்போற பொண்ணு மேடம்! ஹிரோஷிமாவுல இருக்கா. அவ அப்பாவுக்கு வண்டுன்னா உசிரு. மூணு வருஷம் முன்னாடி பொண்ணு கேட்டுப் போனேன். 'எண்பத்து நாலு மில்லிமீட்டர் வண்டை என் கையில குடு, பொண்ணைத் தரேன். மூணு வருஷம் டைம்'னார். அவர்கிட்ட இருந்த பெரிசே எண்பத்து ரெண்டுதான்! அந்த மூணு வருஷம் இன்னிக்கு மதியம் பன்னிரண்டோட முடியுது. வண்டு போய்ச் சேரலேன்னா... கல்யாணம் இல்லை."

"இந்தக் காலத்துல அப்பாவைக் கேட்டா கட்டிப்பாங்க? ரெண்டு பேரும் ஓடிப்போக வேண்டியதுதானே?"

"அம்மா இல்லாத பொண்ணு. அப்பா மனசு நோகக் கூடாதுங்கறா."

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். ஐஸ்கிரீமும் கூடவே எழுந்தது.

"அடுத்த ஸ்டேஷன் ஒகயாமா. பதினொண்ணு அஞ்சுக்கு. அதுவரைக்கும் ரயில் நிக்காது. எவனும் குதிக்க முடியாது. வாங்க!"

பதினாறு பெட்டிகள்!

குட்டையாய், தொப்பியும் மாஸ்க்குமாய் ஆறு பேர் அகப்பட்டார்கள். ஆறு பேரும் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து காட்டினார்கள். ஒருவர் பையில் அதே பச்சைக் காகிதம்!

யசுநோரி பாய்ந்து பிரித்தான்.

இனிப்பு. நிஜ இனிப்பு. அந்த மனிதர் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, வண்டு இல்லாததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

"திருடு நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" இனிப்பை மென்றுகொண்டே கேட்டாள் நிஷிவாகி.

"போன் வந்தது. சீட்டுல உக்காந்து பேசினா மத்தவங்களுக்குத் தொந்தரவு. அதனால பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல போய் நின்னு பேசினேன்."

"யார்கிட்ட?"

"கோஹாருவோட அப்பாதான். 'தம்பி, மதியம் இறால் செய்யலாம்னு இருக்கேன், உனக்கு ஒத்துக்குமா'ன்னு கேட்டார். எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்க! நடுவுல 'இரு, அடுப்புல சூப் பொங்குது'ன்னு போயிட்டார். போனைக் காதுல வச்சுக்கிட்டே மூணு நிமிஷம் நின்னேன்."

"வச்சிருக்க வேண்டியதுதானே?"

"மாமனார் போனை நான் முதல்ல வைக்கறதா?!"

"சரிதான். இறால் உங்களுக்கு ஒத்துக்குமா?"

"உடம்பெல்லாம் தடிச்சுடும். ஆனா ஒத்துக்கும்னு சொல்லிட்டேன்."

இன்ஸ்பெக்டர் கப்பை லேசாய் அழுத்திப் பார்த்தாள். ஓரம் கொஞ்சம் இளகியிருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது!

"வண்டோட நீளம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"கோஹாருவுக்கு மட்டும். நேத்து சாயங்காலம் அளந்தேன். எண்பத்து நாலு புள்ளி ரெண்டுன்னு அவகிட்ட மட்டும்தான் போன்ல சொன்னேன். வேற ஒரு ஆளுக்கும் தெரியாது."

நிஷிவாகி நின்றாள். அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

"தம்பி... ஒண்ணு கேட்பேன். கோபப்படக் கூடாது. அந்தப் பொண்ணுக்கே இந்தக் கல்யாணம் பிடிக்கலையோ?"

"மேடம்!"

"கூலிக்கு ஒரு குட்டை ஆளைப் பிடிச்சு..."

"வேண்டாம் மேடம். அதுக்கு நீங்க என்னை இந்த ஜன்னல் வழியா வெளிய தூக்கிப் போட்டுடுங்க."

"இந்த ஜன்னல் திறக்காது தம்பி."

ரயில் வேகம் குறைந்தது. ஒகயாமா!

கதவு திறந்தது. இருவரும் கடைசிப் பெட்டி வாசலில் நின்றபடியே பிளாட்பாரத்தைக் கண்ணால் அலசினார்கள். இறங்கியவர்கள் கையில் குடை, சூட்கேஸ், குழந்தை... பச்சைப் பெட்டி மட்டும் இல்லை!

அடுத்த வாசலில் கார்டு பிளாட்பாரத்தை விரலால் சுட்டிக் காட்டித் தனக்குத்தானே சத்தமாய்ச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்! பச்சைக் காகிதம் சுத்தின இனிப்புப் பெட்டி! யாராவது பார்த்தாங்களா?"

"ஓ, அதுவா? வாஷ்பேசின் பக்கத்துல கிடந்ததுன்னு ஒரு டீச்சரம்மா முதல் ஆளா எடுத்துக்கிட்டு இறங்கினாங்க. யாரோ பாவம் மறந்துட்டாங்க போலன்னு ஒரே கவலை. தொலைஞ்ச பொருள் ஆபீஸ்ல தானே குடுத்துடறேன்னு ஓடினாங்க."

"குதிங்க தம்பி!"

குதித்தார்கள். கதவு மூடியது.

ஓடினார்கள்! தப்பான படியில் ஏறி, சரியான படியில் இறங்கி, ஸ்டேஷனின் எதிர்க்கோடிக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று பதினைந்து.

கவுன்டரில் இருந்த இளைஞன் பணிவாய்ச் சிரித்தான்.

"அந்தப் பெட்டியா? கவலையே வேண்டாம். உரியவர் வந்துட்டார்."

"உரியவன் இங்க நிக்கறேன்யா!" கத்தினான் யசுநோரி. உடனே, "கத்தினதுக்கு மன்னிக்கணும்" என்றான்.

"ஆனா சார்... உள்ள பறபறன்னு சத்தம் வந்துது. என்ன இருக்குன்னு கேட்டேன். அடையாள அட்டையைக் காட்டி, படிவம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சொந்தப் பேர் முத்திரையும் குத்தி வாங்கிட்டார். இதோ பாருங்க."

இன்ஸ்பெக்டர் படிவத்தைப் பிடுங்கினாள்.

பொருள்: கொம்பு வண்டு (ஆண்), ஒன்று.

நீளம்: 84.2 மி.மீ.

நேரம்: 11.14.

"தம்பி... இந்த நம்பர் வேற யாருக்கும் தெரியாதுன்னீங்களே?"

யசுநோரியின் கண் அடுத்த வரியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெற்றுக்கொண்டவர்: தோகுநாகா கென்சோ, ஹிரோஷிமா.

"கோஹாருவோட... அப்பா பேர்..."

அறையின் மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு, பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குட்டை மனிதர் திரும்பினார். மாஸ்க் தாடையில் தொங்கியது.

"மா... மாமா?!"

"வா தம்பி..." என்று குனிந்தார் கென்சோ. பழக்க தோஷம்!

"என்ன சார்," என்றாள் நிஷிவாகி, "சூப் பொங்கிடுச்சா?"

கென்சோ அவளைப் பார்த்தார். அவள் உயரத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"நீங்கதானே பெட்டியை எடுத்துக் குடுத்த..."

"போலீஸ்."

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எண்பத்து நாலு உன்னால முடியவே முடியாதுன்னு நெனச்சேன் தம்பி. நேத்து கோஹாரு குதிச்சுக்கிட்டு வந்து சொல்றா, 'அப்பா, 84.2!'ன்னு. எனக்குத் தூக்கமே போச்சு. எந்த ரயில், என்ன காகிதம்னு எல்லாத்தையும் அவளே சொல்லிட்டா; விடியக்காலையிலேயே ஒசாகா போய் உன் ரயில்ல ஏறிட்டேன். அவ நகோயா போயிட்டா வீட்டுல யாரு இருக்கா? நானும் என் எண்பத்து ரெண்டும்தான். அது பேசவும் பேசாது." மூக்கை உறிஞ்சினார். "பன்னிரண்டு தாண்டினதும் உனக்கே திருப்பி அனுப்பிடலாம்னுதான்... ரிஜிஸ்டர் தபால்ல."

"வண்டையா?"

"காத்துக்கு ஓட்டை போட்டு."

"அப்புறம் ஏன் வாஷ்பேசின்ல விட்டீங்க?" இது இன்ஸ்பெக்டர்.

"நீங்க பெட்டி பெட்டியா வரதைப் பார்த்துப் பயந்துட்டேம்மா. ரெண்டே நிமிஷம் அதை அங்க வச்சுட்டு டாய்லெட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். அதுக்குள்ள ஒரு டீச்சர் தூக்கிக்கிட்டு ஓடறாங்க! இந்த நாட்டுல ஒரு திருட்டுப் பொருளை நிம்மதியா ஒளிச்சு வைக்க முடியுதா?"

"அது சரி. திருடினவர் சொந்தப் பேரை ஏன் எழுதினீங்க? நீளம் வேற புள்ளி சுத்தமா!"

கென்சோ தலை நிமிர்ந்தார். குரலில் கொஞ்சம் கௌரவம்!

"முப்பத்தாறு வருஷம் வார்டு ஆபீஸ்ல கவுன்டர்ல உக்காந்தவன்மா நான். தப்பா எழுதின படிவத்தையெல்லாம் திருப்பிக் குடுத்த கை இது. திருட வந்துது. படிவத்துல பொய் எழுத வரலை!"

கவுன்டர் இளைஞன் மரியாதையோடு தலையசைத்தான்.

"தம்பி, கேஸ் எழுதட்டுமா?" என்றாள் நிஷிவாகி.

யசுநோரி படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல... மெல்ல... அவன் முகத்தில் ஒரு சிரிப்பு!

"வேண்டாம் மேடம். பொருள் போய்ச் சேர வேண்டியவர்கிட்ட சேர்ந்தாச்சு. மாமா, கொஞ்சம் இதைப் படிங்க. பன்னிரண்டு மணிக்குள்ள எண்பத்து நாலு மில்லிமீட்டர் வண்டு உங்க கையில வந்தா பொண்ணைத் தரேன்னீங்க. பெற்றுக்கொண்டவர் யாரு? நீங்க. நேரம்? பதினொண்ணு பதினாலு. உங்க கையெழுத்து. உங்க முத்திரை. படிவம் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க!"

கென்சோ மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். மேலிருந்து கீழே ஒரு முறை. கீழிருந்து மேலே ஒரு முறை.

பெருமூச்சு விட்டார்.

"சரியாத்தான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் ஸ்பூனை அழுத்தினாள். ஐஸ்கிரீமில் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"இப்பத்தான் உருகிச்சு! அதுக்குள்ள ஆளைப் பிடிச்சாச்சு. நான் ஜெயிச்சேன்!"

"மாமா," என்றான் யசுநோரி, "நகோயாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் ரெண்டே கால் மணி நேரம்தான். மாசம் ரெண்டு தடவை அவளைக் கூட்டிக்கிட்டு வரேன். நீங்களும் வாங்க. மாஸ்க் வேண்டாம், தொப்பி வேண்டாம். டிக்கெட் நான் எடுக்கறேன். இன்னொண்ணு... எனக்கு இறால் ஒத்துக்காது."

"அப்ப போன்ல பொய் சொன்னியா?!"

"போன்லதான் மாமா. படிவத்துல இல்லையே!"

மறுநாள் காலை எட்டரைக்கு வார்டு ஆபீஸ் திறந்தது. எட்டு முப்பத்தைந்துக்குக் கல்யாணப் பதிவுப் படிவம் உள்ளே போனது. முகவரியில் இருந்த ஒரு தப்பை மாமனாரே திருத்திக் கொடுத்தார். சாட்சிகள் இரண்டு பேர்: தோகுநாகா கென்சோ, இன்ஸ்பெக்டர் நிஷிவாகி. பத்து மணிக்குக் கடை திறந்ததும் கென்சோ போய் ஜெனரலின் கூண்டுக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கினார். "இப்பல்லாம் யாரையும் நம்ப முடியலை" என்று கடைக்காரரிடம் சொன்னார்.