தூதன் வழியில் இருக்கிறான்

அன்றைய முதல் சீட்டு ஈரமாக வந்தது.

ஆடிட்டர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பென்சில் எழுத்து அழியவில்லை. ஆனால் தாளின் ஒரு மூலை ஊறித் துவண்டு போயிருந்தது. நடுவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வரைபடம் விரித்த மேசைக்குப் பக்கத்தில் யாராவது தேநீர்க் கோப்பையோடு நின்றாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"என்ன நடுவரே, மழையில நனைஞ்சுட்டீங்களா?" என்று சுவரிலிருந்த சின்ன ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

பதில் வராது என்று அவருக்கும் தெரியும். ஆட்டம் தொடங்கிவிட்டால் நடுவர் வாயைத் திறக்கமாட்டார். தன் குரல் ஏறி இறங்குவதை வைத்தே எதிராளியின் நிலைமையை மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்பது அவருடைய பயம். ஜன்னலின் பலகை மட்டும் மெல்ல நகர்ந்து மூடிக்கொண்டது.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் சின்ன ஆஸ்பத்திரி. நடுவில் மருந்து கொடுக்கும் அறை. அதன் இரண்டு பக்கமும் நோயாளிகள் காத்திருக்கும் கூடங்கள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஒவ்வொரு கூடத்துச் சுவரிலும் ஒரு கை நுழையும் அளவுக்கு மருந்து ஜன்னல். கூடங்களுக்கு வாசல் முன் வராந்தாவில், நடு அறைக்கு வாசல் பின்புறம். மறைவுப் போர் ஆட்டத்துக்கென்றே யாரோ கட்டிவைத்தது போன்ற இடம்.

மறைவுப் போர் என்றால் இதுதான்: பழைய காலத்துப் போர் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு படையோடு இரண்டு பேர் ஆளுக்கொரு கூடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். அவரவர் மேசையில் அவரவர் ஈயப் பொம்மை வீரர்கள் மட்டும் இருப்பார்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆணையைச் சீட்டில் எழுதி ஜன்னலில் நீட்ட வேண்டும். நடு அறையில் இருக்கும் நடுவர் பெரிய வரைபடத்தில் இரண்டு படைகளையும் நகர்த்திவிட்டு, உங்கள் வீரர்கள் கண்ணில் என்ன பட்டதோ அதை மட்டும் எழுதி அனுப்புவார். இன்னொரு விதி, அதுதான் புதிதாக வருகிறவர்களை அழவைப்பது: கொடுத்த ஆணையைச் சட்டென்று திரும்பப் பெற முடியாது. மறு ஆணையைத் தூதன் குதிரையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குள் நடப்பது நடந்துவிடும். நிஜப் போரில் அப்படித்தானே?

இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு காலத்தில் இடம் பிடிக்க அடிதடி. ஞாயிற்றுக்கிழமை என்றால் வராந்தா முழுக்கச் செருப்பு. ஒரு படைப்பிரிவின் சட்டைப் பொத்தான் பித்தளையா வெள்ளியா என்று இரண்டு பெரிய மனிதர்கள் மாதக் கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. எப்போதோ தோற்றுப்போன ஒரு தளபதியின் நாற்காலியில் உட்கார்ந்து, அவனுக்குத் தெரிந்ததை மட்டும் தெரிந்துகொண்டு, நாமாக இருந்தால் ஜெயித்திருப்போமா என்று பார்ப்பதில் இருந்த சுகம் வேறு எதிலும் கிடையாது என்பார் ஆடிட்டர். பிறகு ஒருவர் கம்ப்யூட்டர் பக்கம் போனார். ஒருவர் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனார். ஒருவருக்குக் கண் போயிற்று. ஒருவருக்கு உயிரே போயிற்று. பிள்ளைகளைக் கூப்பிட்டால், ஒரு ஆட்டம் முடிய ஒரு நாளா என்று கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார்கள். கடைசியில் மிஞ்சியது மூன்று பேர். பழைய சர்வேயரான நடுவர், ஆடிட்டர், ஆடிட்டரின் மைத்துனன்.

மைத்துனன் சின்ன வயதுக்காரன். மனைவி விட்டுப் போன பிறகு வேலையையும் விட்டுவிட்டு அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தான். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் ரணம். இந்த ஆட்டத்தில் மட்டும்தான் அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். அன்றைக்கு அவன் முன்னாலேயே கிளம்பிவிட்டான். ஆடிட்டர் செருப்பை மாட்டும்போது மனைவி வாசல்வரை வந்தாள்.

"தம்பிக்கு மனசே சரியில்லைங்க. திரும்பும்போது கூடவே கூட்டிட்டு வந்துடுங்க. தனியா அனுப்பாதீங்க."

"அவன் என்ன சின்னப் பிள்ளையா?"

"எனக்குச் சின்னப் பிள்ளைதான்" என்றாள்.

ஆடிட்டருக்கு மைத்துனன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் சமீப காலமாக எல்லா ஆட்டத்திலும் அவனே ஜெயித்துக்கொண்டிருந்தான். சந்தேகப்படுவதற்கென்றே காலமெல்லாம் சம்பளம் வாங்கிய மனிதர் அதைச் சும்மா விடுவாரா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு யோசித்ததில் அவருக்கு ஒரே ஒரு விடைதான் கிடைத்தது. நடுவர் அவனுக்குத் துப்புக் கொடுக்கிறார். இந்த ஒரு இளவட்டமும் போய்விட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று நடுவருக்குப் பயம். அவனை ஜெயிக்கவைத்துப் பிடித்து வைத்திருக்கிறார்.

அந்த ஈரச் சீட்டை இப்போதுதான் அவர் ஒழுங்காகப் படித்தார்.

"ஆற்றுக்கு அப்பால் ஒருவன். உட்கார்ந்திருக்கிறான்."

ஒருவனா? குதிரைப்படை தெரிகிறது, புழுதி தெரிகிறது என்றுதான் நடுவர் எழுதுவார். ஒற்றை ஆளைப் பற்றி எழுதியதே கிடையாது. ஆடிட்டர் "எந்தப் படை?" என்று எழுதி நீட்டினார். பலகை நகர்ந்தது. சீட்டு உள்ளே இழுபட்டது. வெளியே மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு வாடை வந்தது. நனைந்த தோல், குதிரை வியர்வை, எங்கோ நெருப்பு அணைந்து போன புகை எல்லாம் கலந்த வாடை. மூடியே கிடக்கிற அறை, எலி ஏதாவது செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பதில் சீட்டு விழுந்தது. "தனியாள். நகத்தைக் கடிக்கிறான்."

ஆடிட்டருக்குச் சுருக்கென்றது. ஓகோ, கதை அப்படிப் போகிறதா! இரண்டு பேரும் சேர்ந்து கிழவனை வைத்துக் கேலி செய்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். சரி, நானும் ஆடுகிறேன் என்று பென்சிலை எடுத்தார்.

"சுற்றி வளை."

நடு அறையில் காலடிச் சத்தம் கேட்டது. நடுவர் மேசையைச் சுற்றி நடக்கிறார் என்று முதலில் தோன்றியது. ஆனால் நடுவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பவர். இது ஒன்றன்பின் ஒன்றாக, கனமாக, சேற்றில் அழுந்தி மீள்வது போன்ற சத்தம். அது தன் பக்கத்திலிருந்து விலகி, மைத்துனன் இருந்த கூடத்தை நோக்கிப் போயிற்று. மழைதான் இப்படியெல்லாம் காதில் விழவைக்கிறது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்தக் கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"யாரு?" என்றான் மைத்துனன்.

பிறகு அவன் குரல் இரண்டு சுவர்களைத் தாண்டி வந்தது. "மாமா! நடுவர் குரலை இன்னைக்கு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"ஆட்டத்துல பேச்சு கூடாது. விதி உனக்குத் தெரியாதா?"

"எனக்கு வர்ற சீட்டுல உங்களைப் பத்தி எழுதியிருக்கு மாமா. கண்ணாடியைக் கழட்டித் துடைக்கறீங்கன்னு எழுதியிருக்கு."

ஆடிட்டரின் கையில் கண்ணாடி இருந்தது. துடைத்துக்கொண்டுதான் இருந்தார். எங்கே ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள்? சுவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"மாமா, இது விளையாட்டு இல்ல. எழுதாதீங்க. இனிமே எதையும் எழுதிக் குடுக்காதீங்க!"

அவன் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைக்கூட ஆடிட்டர் நம்பவில்லை. எதிரியை ஆணை போடவிடாமல் தடுப்பது! இவ்வளவு மட்டமான தந்திரத்தை இந்த ஆட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை. வயதில் மூத்தவன் என்ற மரியாதை கூடவா இல்லை? ஆத்திரத்தில் பென்சில் முனை ஒடிந்தது. வேறொன்றை எடுத்து எழுதினார்.

"பிடித்துக் கட்டு. அவன் வாயைத் திறக்க விடாதே."

நீட்டினார். சீட்டு விருட்டென்று உள்ளே போயிற்று.

"மா—"

அவ்வளவுதான். நாற்காலி விழுந்தது. மேசை கால் தரையில் இழுபட்டது. ஈய வீரர்கள் தரையில் சிதறி உருளும் சத்தம். அப்புறம் மழை மட்டும்.

ஆடிட்டர் உதட்டில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு காத்திருந்தார். நன்றாகத்தான் நடிக்கிறார்கள். அடுத்து கைதட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கவில்லை. "போதும்டா" என்றார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

சட்டைப் பையின் துணிக்குள் வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. கைப்பேசி. சத்தத்தை அணைத்து வைத்திருந்தார். எடுத்தால் மனைவி.

"எவ்வளவு நேரமா கூப்பிடறேன்! ரெண்டு பேருமே எடுக்கலைன்னா என்ன அர்த்தம்?"

"ஆட்டத்துல இருக்கோம்."

"என்ன ஆட்டம்? நடுவர் அண்ணன் இங்க நம்ம வீட்டுல உட்கார்ந்திருக்கார். காய்ச்சல் அனலா கொதிக்குது. இன்னைக்கு ஆட்டம் இல்லன்னு சொல்ல உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கார். நீங்க எடுக்கலைன்னு ஆட்டோ பிடிச்சு வந்திருக்கார், பாவம்."

பின்னால் இருமல் சத்தம். அவருக்கு நன்றாகப் பழகிய இருமல். "ஆடிட்டர் சார்கிட்ட சொல்லும்மா, நடு அறைச் சாவி என்கிட்ட இருக்கு. அவங்க காத்திருக்க வேணாம்."

ஆடிட்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"என்னங்க, தம்பி பக்கத்துல இருக்கானா? குடுங்க அவன்கிட்ட."

"குடுக்கறேன்" என்றார். கைப்பேசியை மேசையில் வைத்தார். மனைவியின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜன்னல் பலகை திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அவருடைய அடுத்த ஆணைக்காக அது காத்திருந்தது.

ஓடத்தான் நினைத்தார். ஆனால் கை அதற்கு முன் பென்சிலைத் தேடியது. ஆணையால் பிடித்தவனை ஆணையால்தான் விடுவிக்க முடியும். "விடு. அவனை விட்டுவிடு." எழுத்து கோணல்மாணலாக வந்தது. நீட்டினார்.

இந்த முறை சீட்டை வாங்கிய கையைப் பார்த்தார். சேறு அப்பிய விரல்கள். முரட்டுத் துணிச் சட்டைக் கை. அதில் பொத்தான். பித்தளை.

சீட்டு திரும்பி வந்தது.

"தூதன் கிளம்பிவிட்டான்."

"இல்லை! இப்பவே! இப்பவே விடுங்க!" வாய்விட்டுக் கத்தினார். ஜன்னலில் அறைந்தார். நடு அறைக்குள் எங்கோ தொலைவில், அந்தச் சின்ன அறைக்குள் இருக்கவே முடியாத தொலைவில், ஒரு குதிரையின் குளம்படி. இன்னொரு சீட்டு விழுந்தது.

"தூதன் வழியில் இருக்கிறான்."

ஓடினார். வராந்தா. மழைச்சாரல். கால் வழுக்கியது. சுவரைப் பிடித்தார். நடு அறையைத் தாண்டும்போது சுவருக்குப் பின்னால் பலர் மூச்சு விடுவது கேட்டது. மைத்துனன் இருந்த பெண்கள் கூடத்தின் கதவு. தள்ளினார். திறந்தது.

மைத்துனன் நின்றுகொண்டிருந்தான்.

கூடத்தின் நடுவில். தனியாக. இரண்டு கைகளும் முதுகுப் பக்கம் முறுக்கப்பட்டு. கட்டிய கயிறு இல்லை. பிடித்த ஆள் இல்லை. பாதங்கள் தரையை முழுதாகத் தொடவில்லை. உதடுகள் பல்லோடு ஒட்டி அழுந்தியிருந்தன. கன்னத்தில் விரல் விரலாகக் குழி. அந்தக் குழிகள் நகர்ந்தன.

"தம்பி..."

அவன் தலையை ஆட்டினான். வராதீர்கள் என்று. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மேசையைப் பார்த்தான். ஆடிட்டரைப் பார்த்தான். திரும்ப மேசையைப் பார்த்தான்.

அவன் ஆணைத்தாள் அங்கே இருந்தது. எழுதிக்கொண்டிருந்தபோது பிடிபட்டிருக்கிறான். முதல் வரி முழுதாக இருந்தது. "முந்தைய ஆணை ரத்து." இரண்டாவது வரி பாதியில் நின்றிருந்தது. "எங்க மாமாவை ஒண்ணும் செ" அதற்குப் பிறகு பென்சில் தாளின் விளிம்புவரை ஒரே கோடாக இழுபட்டிருந்தது.

அந்தத் தாள் ஜன்னலுக்குப் போகவே இல்லை.

போகவிடாமல் செய்தது யார் என்று ஆடிட்டருக்குப் புரிந்தது. கையை நீட்டி அந்தத் தாளை எடுக்கப் போனார். அதற்குள் மைத்துனன் பக்கத்து ஜன்னலின் பலகை நகர்ந்தது. ஒரு சீட்டு மேசைமேல் விழுந்தது. அவனுக்கு வந்த பதில்.

"உங்கள் முந்தைய ஆணைப்படி, எதிரித் தளபதி பாசறையை விட்டு வெளியே வரும்வரை காத்திருந்தோம். வந்துவிட்டான்."

பின்னால் வராந்தாவில் காலடிகள். ஏராளம். எல்லாம் ஒன்றாக நின்றன.

ஆடிட்டர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. மைத்துனனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கண்கள் அவரை விட்டு அவருடைய தோளுக்கு மேலே போயின. இடது கோடியில் தொடங்கி வலப்பக்கமாக நகர்ந்தன, மெல்ல, ஒவ்வொரு முகமாகத் தாண்டி, வரிசை முடியாமல், இன்னும் நகர்ந்துகொண்டே இருந்தன.