மிச்ச மாத்திரை

கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் எல்சி வீட்டு இரும்புக் கட்டில் தரையில் டக்டக்கென்று தட்டும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், சுவரில் ஏசு படம் ஒரு பக்கமாகச் சாயும். திருவொற்றியூரில் குடியிருக்கிறவர்களுக்கு அதெல்லாம் காதிலேயே விழாது. அன்றைக்கு மத்தியானம் விழுந்தது. டிரைவர்கள் ஸ்டிரைக். காலையிலிருந்து ரோட்டில் ஒரு லாரி இல்லை. டம்ளர்கள் சும்மா இருந்தன, படம் நேராகத் தொங்கியது. கட்டில் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

கட்டிலில் தங்கச்சி ஹெப்சிபா, ஆறு மாதக் கர்ப்பிணி, போர்வைக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். போர்வையைத் தூக்கியதும் அந்த வாடை வந்தது: பினாயில் ஊற்றி ஊற்றிக் கழுவியும் கொஞ்ச நாளாக பாத்ரூமை விட்டுப் போகாத, அழுகின மாதிரியான மூத்திர வாடை.

"இன்னும் எரியுதாடி?"

"இடுப்பெல்லாம் பிச்சிகினு போவுதுக்கா. டப்பால மாத்திர கீதா?"

அந்த டப்பா! அக்காவும் தங்கையும் துணி தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் பெண்கள் பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். சூப்பர்வைசர் பிராங்கிளின் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வந்து கேட்கிறவளை மேலும் கீழும் பார்ப்பான். மனுஷி ஒண்ணுக்குப் போக டோக்கன்! நாசமாப் போறவன். அவனிடம் போய் நிற்பதற்குப் பயந்து யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வரும். மெடிக்கல் ஷாப்காரன் டாக்டர் சீட்டு கேட்காமல் ஆன்டிபயாட்டிக் அட்டையை நீட்டுவான். எரிச்சல் நின்றதும் இவர்களும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்; மிச்சம் பிஸ்கட் டப்பாவுக்குப் போகும், அடுத்த முறைக்கு ஆகுமே என்று. எல்சி தின்று மிச்சம் வைத்ததைத்தான் ஹெப்சிபாவும் தின்றாள்.

"அத்தத் தொடாத. உன் மூத்திர டெஸ்ட் ரிசல்ட் வந்துட்ச்சாம், பாத்து நல்ல மருந்தா எழுதுவாங்க. தோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு எல்சி தெருமுனை லேபுக்கு ஓடினாள்.

லேபில் வேலை செய்யும் அத்தாவுல்லா எப்போதும் போலச் சிரிக்கவில்லை. மூடிபோட்ட வட்டத் தட்டு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். உள்ளே பொட்டுப் பொட்டாக வெள்ளைக் காகித வில்லைகள்.

"உன் தங்கச்சி மூத்திரத்துல இருந்த கிருமிய இதுல வளத்தோம்க்கா. ஒவ்வொரு வில்லையிலயும் ஒரு மருந்து. மருந்து கேட்டா, அத்த சுத்தி கிருமி செத்து, வட்டமா காலியாவும்."

எல்சி தேடினாள். வட்டம் எங்கே? தட்டு முழுக்க மங்கலான ஏடு. வில்லைகளின் விளிம்பு வரை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லா வில்லையிலும்.

"நீங்க துன்ற மாத்திர எதுக்கும் சாவல. பாதி பாதியா துன்னு நிறுத்துனதுல கிருமிக்கு அல்லாம் பழகிப்போச்சி. பெரியாஸ்பத்திரில ஊசி ஒண்ணு கீது. அதுவும் கேக்குமான்னு தெரில. உடனே இட்டுகினு போக்கா."

மூடி இடுக்கிலிருந்து வாடை வந்தது. வீட்டு பாத்ரூம் வாடை. இந்தத் தட்டைக் கொண்டுபோய் பிராங்கிளின் மூஞ்சியில் தேய்க்க வேண்டும் போலிருந்தது. மெடிக்கல்காரன் மூஞ்சியிலும். அதற்கெல்லாம் நேரமில்லை. ஓடினாள்.

ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. லாரி இல்லை. சந்துக்குள் திரும்பினாள்.

டக். டக். டக்.

கட்டில் சத்தம் வாசலுக்கு வெளியிலேயே கேட்டது.

"ஹெப்சி!"

ஹெப்சிபா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் கிழித்த அட்டைகள். எல்லாம் காலி. உதட்டில் வெள்ளை மாவு. நாக்கிலும். அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்தன.

"ஒண்ணுகூட மிச்சம் வெக்கலக்கா. அல்லாத்தியும் முழுங்கிட்டேன். இப்ப நின்னுடும் பாரேன்."

எல்சி கட்டிலை இரண்டு கையாலும் அமுக்கினாள். கட்டில் அவளையும் சேர்த்து ஆட்டியது. ஹெப்சிபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல், நடுக்கம் நிற்பதற்காகக் காத்திருந்தாள்.